கால்மிதியிலிருந்து அஞ்சலையை எடுத்த கதை

எனக்கு நடந்த விடைகொடுப்பு விழாவில் நான் மைக் பிடித்துச் சொன்ன கதையை அப்படியே எழுதிக் கொடுங்கள், கம்பெனி ஆண்டு மலரில் போடுகிறோம் என்று டிசைன் ரூம் பிள்ளைகள் கேட்டார்கள். அன்றைக்கு அதைக் கேட்டு எல்லோரும் கைதட்டினார்கள். நானும் வாயெல்லாம் பல்லாக நின்றேன். இப்போது அதை அப்படியே எழுத முடியாது. நடுவில் ஒரு காரியம் நடந்துவிட்டது. நினைத்தாலே வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டாகிவிட்டது. கைதட்டியவர்கள் இதையும் படித்துவிட்டுத் தட்டுவதானால் தட்டட்டும்.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் மல்லிகா. குமாரபாளையத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். பள்ளிபாளையத்தில், துண்டும் விரிப்பும் அச்சடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் நம் கம்பெனியில் ஓவியராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் வரைந்ததெல்லாம் கடற்கரைதான். கிளிஞ்சல், நண்டு, நட்சத்திர மீன், கரையேற்றிய படகு. எல்லாம் வாட்டர் கலரில். வெளிநாட்டில் இருப்பவர்கள் குளிக்கப் போகும்போது தோளில் கடல் கிடக்க வேண்டும், குளித்துவிட்டு வந்தால் காலடியிலும் கடல் கிடக்க வேண்டும். அதை வரைந்து கொடுக்கக் காவிரிக் கரையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

இப்போது நீங்கள் கம்ப்யூட்டரில் நாலு வார்த்தை தட்டினால் கடல் வந்து நிற்கிறது. அதைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாங்கள் மட்டும் என்ன, கடலைக் கண்ணால் கண்டுவிட்டா வரைந்தோம்?

படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஓவியப் பரீட்சை எழுதினேன். சேலை பார்டருக்குக் கட்டம் போட்ட தாளில் பூவும் மயிலும் போட்டுக் கொடுத்தேன். கல்யாணம் ஆயிற்று. பிறகு இந்த வேலை கிடைத்தது. எனக்கு வேலை தெரிந்தது காதர் பாயிடம் வந்த பிறகுதான்.

காதர் பாய் டிசைன் ரூமுக்குத் தலைவர். சேலத்துக்காரர். வீட்டில் எல்லோரும் ஜவுளி வியாபாரம், இவர் மட்டும் தூரிகையைப் பிடித்துக்கொண்டார். முழுக்கை வெள்ளைச் சட்டைதான் போடுவார். நாள் முழுக்க வண்ணத்தில் புழங்கியும் அந்தச் சட்டையில் ஒரு பொட்டுப் பட்டு நான் பார்த்ததில்லை. யாரையும் அதட்ட மாட்டார். படம் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லவும் மாட்டார். மெதுவாக வந்து நம் குவளையிலிருக்கும் கலங்கல் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுவார். குவளையை அலம்பி, நல்ல தண்ணீர் பிடித்து வந்து, சத்தமில்லாமல் மேசையில் வைப்பார். முதலிலிருந்து போடு என்று அதற்கு அர்த்தம். அதைவிட அவர் இரண்டு வசவு வைதிருக்கலாம் என்று தோன்றும்.

தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பலகையில் விரித்து, நாலு பக்கமும் பசைத்தாள் ஒட்டிக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் தாள் விறைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சுருளாது. பலகையைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக வானத்து நீலத்தை இறக்க வேண்டும். இறக்கும்போது கை நிற்கக் கூடாது. நின்றால் அங்கே கோடு விழும். நுரைக்கு வெள்ளை வண்ணம் தொடக் கூடாது என்பார் பாய். "வெள்ளை பாட்டில்ல இல்லம்மா, தாள்ல இருக்குது. தொடாம விட்டீங்கன்னா அதுவே நுரை." எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்துகொள்ளவே எனக்குக் கொள்ளை நாள் பிடித்தது.

என் முதல் கடலை முடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாயிடம் காட்டினேன்.

"நல்லா இருக்குதுங்களா பாய்?"

"நல்லாத்தான் இருக்குதும்மா. இந்தத் தண்ணி எங்க போவுது?"

எனக்குப் புரியவில்லை. விரலைத் தாளில் படாமல் இடமிருந்து வலமாக நகர்த்திக் காட்டினார். "பவானியிலேர்ந்து வந்து ஈரோட்டுப் பக்கம் போவுது. கடல் எங்கேயும் போவாதும்மா. கரைக்கு வரும், திரும்பும். அதுக்கு அவ்வளவுதான் வேலை."

பிறந்ததிலிருந்து காவிரியைப் பார்த்த கை, கடலையும் பக்கவாட்டில் ஓட விட்டிருக்கிறது! ரூமே சிரித்தது. "ஏனுங் மல்லிகாக்கா, உங்க கடல்ல பரிசல் உடுவாங்களா?" என்று அச்சுமேசைக்காரர் ஒருவர் கேட்டார். அன்று சோற்றுப் போசியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போனேன். அன்றைக்குப் பட்ட வெட்கத்தை நான் பெரிதென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பாய் ஈரோட்டு மீன் கடையிலிருந்து கடல் நண்டு வாங்கிவந்து தட்டில் வைப்பார். ஐஸ் உருகுவதற்குள் வரைந்துவிட வேண்டும். கணக்குப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு முதலாளியிடம் புகார் சொல்வார். வரைந்து முடித்த நண்டை வாட்ச்மேன் வீட்டுக்குக் கொண்டு போவார். இப்படித்தான் பல வருஷம் ஓடியது.

ஒரு வருஷம் வெளிநாட்டு வியாபாரி, கடற்கரையில் ஆட்கள் வேலை செய்கிற படமாக வேண்டும் என்று கேட்டார். போட்டோவைப் பார்த்துப் போட்டால் உயிர் இருக்காது, நேரில் போக வேண்டும் என்று பாய் ஒற்றைக்காலில் நின்றார். அவர் மனித உருவம் வரைய மாட்டார். அது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆகவே நானும் போக வேண்டும் என்றார். எங்கள் வீட்டுக்காரர் விடுவாரா? "கடலை வரையறதுக்குக் கடலுக்கே போகோணுமாக்கும்? அப்பப் புலியை வரையறவன் எங்க போவான்?" என்றார். பாய் தன் மனைவியையும் கூட்டி வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

காரைக்கால் பக்கம் ஒரு மீனவக் கிராமம். கடலை நேரில் பார்த்தேன். பாய் சொன்னது உண்மை. அது எங்கேயும் போகவில்லை. ஆனால் வேலை ஓடவில்லை. பள்ளிபாளையத்து வெயிலில் தாள் நொடியில் காயும். இங்கே உப்புக்காற்றில் காயவே மாட்டேன் என்கிறது. வானம் இறங்கிக் கடலில் கலந்தது. கடல் வழிந்து மணலில் புகுந்தது. மணல் பறந்து வந்து தாளில் ஒட்டியது. தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். பாய் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்தார்.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். கூடையில் மீன் சுமந்து விற்கிறவள். என்னைவிட வயதில் இளையவள். இடுப்பில் கைவைத்து என் பலகையை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, காலையிலேர்ந்து தண்ணிய வச்சுத் தண்ணிய வரையிற, காஞ்ச பாடா காணோமே?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவளே தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தகரக் கூரைக்குக் கீழே, அடுப்புச் சூடு படுகிற இடத்தில் பலகையைச் சாய்த்து வைத்தாள். தாள் காய்ந்தது. அதற்கப்புறம் தினமும் அங்கேதான் காயவைத்தேன். வெளியே வரைந்துவிட்டு உள்ளே ஓடுவேன். ஈர மணல் காலோடு நான் அவள் வீட்டுக்குள் நடந்ததை அவள் ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள், "எல்லாத்தையும் போடுற, என்னைய மட்டும் போட மாட்டியா?" என்றாள். உள்ளே போய்த் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கெட்டிச் சிவப்பில் ஒரு சேலை கட்டி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலையோரம் வந்து நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை. மூக்குத்திக்கு மட்டும் தாளில் ஒரு புள்ளி வெள்ளை விட்டேன்.

"இது எங்கக்கா போவும்?"

"வெளிநாட்டுக்குப் போகும் சாமி. துண்டுல அடிச்சு அனுப்புவோம்."

"தொவட்டுற துண்டா? வெள்ளைக்காரி தோள்லயா கெடப்பேன்?"

"ஆமாஞ் சாமி."

அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "ஏய், நான் ஃபாரின் போறேன்டி!" என்று கத்தினாள். பிறகு என்னிடம், "எனக்கும் ஒரு துண்டு அனுப்புவியாக்கா?" என்று கேட்டாள். கண்டிப்பாக அனுப்புகிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன். என் போன் நம்பரைக் கொடுத்து, அவள் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பாய் குவளையைத் தொடவில்லை. "இதுக்கு மேல இதுல கை வைக்காதீங்கம்மா" என்றார். அவர் வாயால் நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான்.

வியாபாரிக்கும் படம் பிடித்துப்போயிற்று. செட்டாகக் கேட்டார். நம் கம்பெனியில் செட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பெரிய துண்டு, கைத்துண்டு, குளியலறை வாசலில் போடும் கால்மிதி, எல்லாவற்றுக்கும் ஒரே படம். எனக்கும் அது தெரியாததல்ல. எத்தனை செட்டுக்கு வரைந்திருக்கிறேன்! ஆனால் அஞ்சலைக்கு வாக்குக் கொடுத்தபோது துண்டுதான் நினைவில் இருந்தது, கால்மிதி நினைவில் இல்லை.

மாதிரி அடித்து வந்தது. அந்நாளில் நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது. கால்மிதி மாதிரியில் ஈரக் காலோடு முதலில் ஏறி நிற்க வேண்டியவர் அதை வரைந்தவர்தான். எங்கே வண்ணம் கனத்திருக்கிறது, எங்கே சாயம் விடும் என்று அவருக்குத்தான் தெரியும் என்பது பாயின் கணக்கு. நான் செருப்பைக் கழற்றி, காலை நனைத்துக்கொண்டு வந்தேன். தரையில் விரித்திருந்தார்கள். நட்ட நடுவில், குதிகால் பதியும் இடத்தில், அஞ்சலை முகம்.

தறியில் பாவு நூல் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் பிறந்தவள் நான். காலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

"நான் ஏற மாட்டேனுங்க" என்றேன்.

முதலாளி மகன் பக்கத்தில் நின்றிருந்தார். "அக்கா, சும்மா டெஸ்ட்டுக்குத்தானுங்க?"

"டெஸ்ட்டுக்கு உங்கம்மா படத்து மேல ஏறி நிப்பீங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. கால்மிதிக்கு மட்டும் வேறு படம் என்றால் வியாபாரி ஒத்துக்கொள்ள மாட்டார், செட் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும், அந்தப் பெண் இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கட்டும், எடுத்தால் எல்லாவற்றிலும் எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். "வரைஞ்சது நீங்க. முடிவும் நீங்கதாம்மா சொல்லணும்."

"எடுத்துடலாமுங் பாய்."

"துண்டுலேயுமா?"

"துண்டுலேயும்தானுங்க."

கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தார்கள். அந்த இடம் ஒட்டுப் போட்ட மாதிரி தெரிந்தது. கடற்பஞ்சு உருண்டையை நனைத்துப் படத்திலேயே ஒற்றி எடுத்தேன். முகம் போய்விட்டது, கை போய்விட்டது, கூந்தல் போய்விட்டது. சேலைச் சிவப்பு மட்டும் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கத் தாளின் இழை எழும்பியதே தவிர, ரோஸ் நிறத்தில் ஒரு கறை அப்படியே நின்றது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து புதுத் தாளில் போட்டேன். அதே கடல், அதே படகு. அஞ்சலை நின்ற இடத்தில் கூடை மட்டும். கூடையைச் சுற்றி நாலு நண்டு. அந்தச் செட்டும் நன்றாகத்தான் போனது.

இதைத்தான் விழாவில் சொன்னேன். எனக்கு ரோஷக்காரி என்று பெயர் வந்ததையும், எங்கள் வீட்டுக்காரர் டீக்கடை டீக்கடையாக என் பெருமை பேசியதையும் சொன்னேன். ஒன்றைச் சொல்லவில்லை. அஞ்சலை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. என்ன சொல்வது? கால்மிதி விஷயத்தைச் சொன்னால் அவள் மனசு புண்படும். நீ படத்தில் இல்லை என்று மட்டும் சொன்னால் ஏன் என்று கேட்பாள். மறுபடியும் செய்தாள். திரையில் அவள் பெயர் வருவதைப் பார்த்துக்கொண்டே, மணி அடித்து ஓயும்வரை உட்கார்ந்திருப்பேன். பிறகு அவள் செய்வது நின்றுவிட்டது. அவள் மானத்தைக் காப்பாற்றியவள் நான், அது அவளுக்குத் தெரியவா வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழா முடிந்த பிறகு, எங்கள் தெருவில் திருநள்ளாறு போக வேன் பிடித்தார்கள். நானும் போனேன். பெட்டியில் அந்தச் செட்டில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டேன். சாமி கும்பிட்ட பிறகு டிரைவரிடம் கெஞ்சி அந்தக் கிராமத்துக்கு வண்டியை விடச் சொன்னேன். ரோடெல்லாம் மாறிப்போயிருந்தது. அஞ்சலை வீடு எது என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"எந்த அஞ்சலை? ஃபாரின் அஞ்சலையா?"

மகன் வெளிநாட்டில் இருக்கிறான் போல, நல்லபடியாக இருக்கிறாள் என்று என் மனசு குளிர்ந்தது.

அஞ்சலைக்கு முன்முடி நரைத்திருந்தது. பார்த்ததும், "வரையிற அக்கா!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். போன் எடுக்காததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டீ போட்டுக் கொடுத்தாள். நான் துண்டை நீட்டினேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரித்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

"நான் எங்கக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மைக்கில் சொன்ன மாதிரியேதான் சொன்னேன். "டெஸ்ட்டுக்கு உங்கம்மா படத்து மேல ஏறுவீங்களா" என்ற இடத்தில் குரல்கூடத் தானாக உயர்ந்தது. முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கால்ல மிதிப்பாங்கன்னா எடுத்துப்புட்ட?"

"ஆமாஞ் சாமி."

"ஏக்கா, நான் பொழுதன்னிக்கும் மீன் கழுவுன தண்ணியில நிக்கிறவ. ஏலம் போடுற எடத்துல என் காலை மிதிச்சு, கையை மிதிச்சுக்கிட்டுப் போவாளுவோ. ஒரு வெள்ளைக்காரி குளிச்சிட்டு வந்து சுத்தமான காலோட என் மேல நின்னா எனக்கு என்ன கொறைஞ்சுடும்? நான் என்ன கோயில் சாமியா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஊர் பூரா சொல்லிப்புட்டேன், துண்டு வரும் வரும்னு. வரல. அண்டப்புளுகுன்னாளுவோ. ஃபாரின் அஞ்சலைன்னு பேரே வச்சிட்டாளுவோ. எம்மவ கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனா, ஃபாரின்லேர்ந்து யாரு வரான்னு கேட்டுச் சிரிச்சாளுவோ. இத்தனை வருசமா சிரிக்கிறாளுவோ. எடுக்கிறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டியாக்கா? நான் போன் போட்டேனே."

டீ என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் மானம் என்று நான் காப்பாற்றியது என் வீட்டு வழக்கத்தை. அவள் மானம் எதில் இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அதற்குத்தான் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகப் போயிற்று போல. என் முழங்காலைத் தட்டினாள். "சரி, விடுக்கா. இப்ப போடு. துண்டோ, கால்மிதியோ, கைதொடைக்கிற துணியோ, எதுலயாவது போடு. ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும், அவளுவ மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டிப்புடுவேன்."

"நான் ரிட்டையர் ஆயிட்டேன் சாமி" என்றேன்.

அதைச் சொன்னதும் எனக்கே உடம்பு கூசியது. அவள் சிரித்துவிட்டு, "அப்ப சரிக்கா" என்றாள்.

வேன்காரர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். எழுந்தேன். வாசல் வரை வந்தாள். நான் நாலு வீடு தாண்டியிருப்பேன். பின்னால் யாரோ ஒரு பெண் அவளிடம் கேட்பது காதில் விழுந்தது. "என்னடி கையில? துண்டு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்றாள் அஞ்சலை.

"எங்க, விரி பாப்போம். இதுல நீ எங்கடி இருக்க?"

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நின்று கேட்க வெட்கமாக இருந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய் வேனில் ஏறிக்கொண்டேன்.